சொட்டும் குழாய்

இரவில் வீடு முழுவதும் உறங்கிய பின்னர், குளியலறையிலிருந்து எழும் ‘டொக், டொக்’ என்னும் ஓசையை நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். சொட்டு நீர்தானே என்று நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். குழாயின் கீழ் ஒரு பாத்திரத்தை ஒரு மணித்தியாலம் வையுங்கள். அதிற் கால் லீற்றர் நீர் சேருமாயின், ஒரு நாளில் 6 லீற்றரும் ஓர் ஆண்டில் 2190 லீற்றரும் வீணாகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கணக்கு மிகவும் பொருளுடையது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழைநீரே சுண்ணக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். மேல்தாங்கியிலிருந்து வீணே சொட்டுவதும் அவ்வாறு இறைத்த நீரேயன்றோ?

குழாய் ஒழுகுவதன் காரணம் எளிது. பிடியைத் திருகும்போது உள்ளேயுள்ள தண்டு இறங்கி, தன் அடியிலுள்ள றப்பர் வோஷரை நீர் வரும் துவாரத்தின் விளிம்பில் அழுத்துகின்றது. வோஷர் தேய்ந்துவிட்டால் நீர் கசியும். அப்பொழுது நாம் செய்வது யாது? பிடியை மேலும் பலமாக இறுக்குகிறோம். இதனால் றப்பர் வெட்டுண்டு இன்னும் விரைவாக அழிகின்றது. நோயை வளர்க்கும் வைத்தியம் இது.

பழுது பார்க்குமுன் நீர் வரும் வழியிலுள்ள வால்வை மூடுங்கள். பின்னர் குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வாளியிற் பிடியுங்கள். சிறு திருகாணிகள் விழுந்து மறையாதிருக்க, நீர் போகும் துவாரத்தைத் துணியால் அடையுங்கள்.

பிடியின் மேலுள்ள மூடியை அகற்றித் திருகாணியைக் கழற்றினால், பிடி கையோடு வரும். அதன்கீழுள்ள தலைப்பகுதியை ஸ்பனரால் இடப்புறமாகத் திருப்பிக் கழற்றவேண்டும். அவ்வேளை மற்றக் கையால் குழாயின் உடலை உறுதியாகப் பிடித்திருத்தல் அவசியம். நான் ஒருமுறை இதனை மறந்து பலத்தைக் காட்டினேன். சுவருக்குள்ளிருந்த பிளாஸ்ரிக் பைப் வெடித்தது. சில ரூபாவோடு முடியவேண்டிய வேலை, சுவரை உடைக்கும் வேலையாயிற்று.

கழற்றிய தண்டின் அடியில் பழைய வோஷர் இருக்கும். அதனையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டுசென்று, அதே அளவில் வாங்குங்கள். புதியதைப் பொருத்துமுன், துவாரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினாகிரி தோய்ந்த துணியால் துடைத்து நீக்கலாம். விளிம்பே அரிக்கப்பட்டிருப்பின், எத்தனை வோஷர் மாற்றினும் ஒழுக்கு நில்லாது; குழாய் வேலை அறிந்தவரை அழைப்பதே முறை.

மீண்டும் பூட்டும்போது, தண்டைச் சற்று மேலுயர்த்தி வைத்தே தலைப்பகுதியைத் திருகுங்கள். இல்லையேல் வோஷர் நசுங்கும். பின்னர் குழாயை மூடி, வால்வை மெதுவாகத் திறவுங்கள்.

நீர் வாய்வழியாகவன்றி, திறந்திருக்கும்போது பிடியின் அடியிற் கசியுமாயின் குற்றம் வோஷரினது அன்று. தண்டைச் சுற்றியுள்ள சிறு நட்டைக் கால் சுற்று இறுக்கினாற் பெரும்பாலும் போதும். கால் வட்டம் திருப்பியவுடன் திறக்கும் புதுவகைக் குழாய்கள் பலவற்றில் றப்பருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உள்ளன. அவை பழுதடைந்தால் உள்ளுறுப்பை முழுமையாகவே மாற்றவேண்டும்.

இவ்வேலையைச் செய்யும்போது பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ஸ்பனரை அவர்கள் கையிலும் கொடுங்கள். பழுதை இறுக்கி மறைப்பதைவிட, திறந்து பார்த்துத் திருத்துவதே நன்று என்பதை அவர்கள் அன்று கண்ணாற் கண்டுகொள்வார்கள்.