பழைய கணினியும் புதிய கணக்கும் – 7: சுழலும் தட்டு

ரேம், செயலி ஆகிய இரண்டின் வயதும் முந்தைய பகுதிகளில் பேசப்பட்டுவிட்டது. அவற்றை மீண்டும் விரிக்க இங்கு இடமில்லை. இவ்வாரம் பவர் சப்ளை என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், அதற்குள் நுழையுமுன் வன்தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டியவை மிகுதி.

எட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினியைக் கழித்துக்கட்டுவதா, பாகங்களை மாற்றி வைத்துக்கொள்வதா என்று ஒரு குடும்பம் யோசிக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் அதன் மந்தமே காரணமாக இருக்கிறது. பொத்தானை அழுத்திய பின் திரை பயன்பாட்டுக்கு வர ஐந்து நிமிடம் பிடிக்கும்போது, குற்றம் முழு இயந்திரத்தின்மீதும் விழுகிறது. உண்மையில் செயலி சும்மா இருக்க, ரேமில் இடமும் மிச்சமிருக்க, அவை இரண்டும் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டின் பதிலுக்காகக் காத்துக்கிடப்பதே பல வீடுகளில் நடக்கிறது. காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் சுழல, அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல் மிக நெருங்கி நகரும் படிப்புமுனை தரவை எடுத்துத் தருவதே அதன் வேலைமுறை.

இம்முறை தோன்றிய வரலாறு வியப்பூட்டுவது. 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த ராமாக் கணினியின் சேமிப்பகம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, ஒரு டன் எடைகொண்ட பெட்டியாகும். அதில் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் அதை உருவாக்கிய குழுவின் தலைவரான ரெனால்ட் ஜான்சன், மிச்சிகனில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பென்சில் குறிகள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு விடைத்தாள் திருத்தும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, அதன் வழியாகவே அந்நிறுவனத்துக்குள் வந்தவர். இரும்பு ஆக்சைடு கலந்த வண்ணத்தைச் சுழலும் தட்டின் உட்பகுதியில் ஊற்றி, சுழற்சியின் விசையே அதை விளிம்புவரை சீராகப் பரப்பும்படி செய்த அக்குழுவின் எளிய உத்தி, பொறியியலை நேசிக்கும் எவரையும் மகிழ்விக்கும். ஐம்பது தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைதான் இருந்தது; அது வேண்டிய தட்டின் உயரத்துக்கு ஏறியோ இறங்கியோ சென்று, பின்னர் உள்ளே நீண்டு படித்ததால், ஒரு தரவைக் கண்டடையச் சராசரியாக 600 மில்லிவிநாடி ஆனது.

அத்தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. இன்று வீட்டு மேசைக் கணினிகளில் உள்ள வன்தட்டுகளில் பெரும்பாலானவை 7,200 முறை சுழல்கின்றன. கொள்ளளவு, சாதாரண ஒரு டெராபைட் வன்தட்டோடு ஒப்பிட்டாலே, இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருக்க, சுழற்சி வேகம் ஆறே மடங்குதான் கூடியிருக்கிறது என்பதில் பழைய கணினிகளின் துயரம் அனைத்தும் அடங்கிவிடுகிறது. 7,200 சுழற்சி என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி, வேண்டிய இடம் முனைக்கு நேராக வரச் சராசரியாக அதில் பாதி, முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 12 மில்லிவிநாடி. விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலி, இந்த ஒரு தேடல் முடிவதற்குள் 3.6 கோடி துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. கணினி தொடங்கும்போது சிதறிக்கிடக்கும் பத்தாயிரம் இடங்களைத் தேட நேர்ந்தால், அதற்கே இரண்டு நிமிடம் ஆகும்.

தட்டை இன்னும் வேகமாகச் சுழற்றலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. 2000ஆம் ஆண்டிலேயே, சர்வர்களுக்காக, நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் வன்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் வேகத்தை இரட்டித்தால், காற்றின் இழுவையை எதிர்த்துச் சுழற்றத் தேவைப்படும் மின்சாரம் ஏழெட்டு மடங்காக உயர்வதால், தட்டின் விட்டத்தைக் குறைத்தே அவ்வேகத்தை எட்ட முடிந்தது. சூடும் இரைச்சலும் விலையும் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

தீர்வு சுழற்சியையே கைவிட்டதில் கிடைத்தது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1987இல் முன்வைத்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகம், காப்பிடப்பட்ட நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைவைத்துத் தரவைக் காக்கிறது. அதைக் கொண்டு அமைந்த எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பு எதுவும் இல்லாததால், ஒரு தேடல் 0.1 மில்லிவிநாடி அளவில் முடிகிறது. மேற்சொன்ன பத்தாயிரம் தேடல்களுக்கு ஒரு விநாடி போதும். எழுத எழுத இது தேயும் என்ற அச்சம் உண்மையை ஒட்டியதுதான் என்றாலும், 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தரப்பட்ட 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும், அவ்வளவை எட்ட 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆகவே புதிய கணினிக்கு விலை விசாரிக்கும் முன், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி திணறும் வேளையில் எது நூறு விழுக்காட்டைத் தொடுகிறது என்று பார்ப்பது அவசியம். வன்தட்டு என்றால், சாட்டா இணைப்புள்ள எந்தப் பழைய மதர்போர்டிலும் பொருந்தும் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. வாங்குவதே சரியான முடிவு. பின்னாளில் கணினியையே மாற்றினாலும், அது புதியதற்குள் இடம்பெயரக் கூடியது என்பதால் செலவு வீணாவதில்லை. பழைய வன்தட்டில் உள்ள குடும்பப் படங்களுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்துவைத்த பின்னரே எதையும் கழற்ற வேண்டும்.

செயலியே நூறைத் தொடுமானால் கணக்கு வேறு. புதிய செயலிக்குப் புதிய மதர்போர்டும், அதற்கு டி.டி.ஆர்.3 அல்லாத புதிய ரேமும் தேவைப்படுவதால், பெயருக்கு மேம்பாடாக இருப்பது பெரும்பாலும் புதிய கணினியாகவே முடிகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் பட்டியலோ, இன்டெல்லைப் பொறுத்தவரை, சில விலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய செயலி உள்ள வீடுகள், எஸ்.எஸ்.டி.யோடு லினக்ஸுக்கும் மாறினால், நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பாமல் காக்கலாம். சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பவர் சப்ளையும், மதர்போர்டில் உப்பிப்போகும் மின்தேக்கிகளும் அடுத்த இதழுக்குத் தள்ளப்படுகின்றன. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறக்க வாய்ப்புள்ள வாசகர்கள், பவர் சப்ளையைப் பிரிக்காமல், அதன் வெளிப்புறத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று அச்சாகியிருக்கிறது என்பதை அதற்குள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.