பழைய சிபியுவும் பாடும்

பரண்மேல் ஏறிவிட்ட பென்டியம் 4 கணினிக்கு இணையத்துப் பாட்டை இசைக்கும் பலம் இன்னும் இருக்கிறது. எம்பி3 கோப்பை அப்போதைக்கப்போதே விரித்து ஒலிக்கச் செய்த முதல் கணினி மென்பொருளான வின்பிளே3, 1995-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. அன்று வீட்டு மேசைகளில் இருந்தவை 486-உம் முதல் தலைமுறைப் பென்டியமும்தான். 2004 வாக்கில் வாங்கிய கணினி அவற்றைப் போலப் பல மடங்கு வேகமானது. ஆனாலும் அதில் ஒரு பாட்டுத் தளத்தைத் திறந்தால் பக்கம் பாதியில் நிற்கிறது, அல்லது பிழைச் செய்தி வருகிறது. “சிஸ்டம் போச்சு” என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் பாட்டு இருக்கும் இணையப் பக்கத்தைத் திறப்பதில்தான் இருக்கிறது. பாட்டை இசைக்கும் வேலை அந்தக் கணினிக்கு மிகச் சுலபம்.

எவ்வளவு சுலபம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சிடியில் ஒரு வினாடி இசை, இடது வலது என்ற இரு தடங்களிலும் 44,100 மாதிரிகளாக, மாதிரிக்கு 16 பிட்டாகப் பதிவாகிறது. மொத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். எம்பி3 அதை 128 கிலோபிட்டில், அதாவது பதினொன்றில் ஒரு பங்கில் அடக்கிவிடுகிறது. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டு விழும் கணத்தில், அதன் சுருதிக்கு அருகே எழும் மெல்லிய ஓசை நம் காதில் ஏறுவதில்லை. காதுக்கு எட்டாத அப்படிப்பட்ட நுணுக்கங்களுக்கு இடம் ஒதுக்காமல் விடுவதுதான் எம்பி3-இன் உத்தி. நான்கு நிமிடப் பாட்டு நான்கு எம்பிக்குள் முடிந்துவிடும். நேரலை வானொலி என்றால் மணிக்கு 58 எம்பி செலவாகும். இன்றைய பிரவுசரோ விளம்பரமும் வீடியோவும் நிரலுமாக, 512 எம்பி ராமை ஒரே பக்கத்துக்கு விழுங்கிவிடும்.

சரிசெய்யும் வேலையை மூடியைத் திறப்பதிலிருந்து தொடங்குங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தட்டுங்கள். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலைப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான பல பலகைகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் இருந்தன.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒரு பொருள்: சிஆர் 2032 என்ற வட்ட செல். கணினி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். செல் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் முறையில், தம்மை அடையாளம் காட்டும் ஒரு சான்றிதழோடு வருகின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி 2004 என்று நம்பும் கணினி, இன்றைய சான்றிதழைப் பார்த்து “இது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை” என்று கதவைச் சாத்திவிடுகிறது. எத்தனையோ கணினிகள் இந்தச் சின்ன செல்லுக்காகத் தூக்கி எறியப்படுகின்றன என்பதுதான் என் வருத்தம். கைக்கடிகாரக் கடையிலேயே செல் கிடைக்கும். மாற்றிவிட்டு, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள்.

அதற்குப் பிறகும் தளங்கள் திறக்காவிட்டால் காரணம் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. புதிய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற குறியாக்க முறையை அது அறியாது. போதாக்குறைக்கு, கோடிக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் அன்று தளங்கள் திறக்காமல் போயின.

லினக்ஸுக்கு மாறுவதே என் பரிந்துரை. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிக்ஸ் இத்தகைய கணினிகளுக்காகவே உருவானது. அதன் 32 பிட் பதிப்பு 512 எம்பி ராமிலும் நகரும். பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பென்டிரைவிலிருந்து எழத் தெரியாத கணினிக்கு டிவிடியில் எழுதிக்கொள்ளுங்கள். நேரடியாக டெபியனே வேண்டும் என்பவர்கள் 12-ஆம் பதிப்பை எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பை 32 பிட் கணினியில் நிறுவ முடியாது. இணையத்துக்கு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைச் செருகிவிட்டால் வைஃபை தொல்லையே இல்லை.

இனி முக்கியமான படி: பிரவுசரை ஒதுக்குங்கள். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த விஎல்சி என்ற இசைப்பு மென்பொருள், இணைய முகவரியை நேராகவே வாங்கிக்கொள்ளும். கன்ட்ரோல் விசையோடு ‘என்’ விசையை அழுத்தி, வரும் பெட்டியில் முகவரியை ஒட்டினால் போதும். வானொலி நிலையங்கள் பெரும்பாலும் எம்3யு அல்லது பிஎல்எஸ் என்று முடியும் கோப்பைத் தரும். இறக்கிப் பார்த்தால் அது ஒரு கேபிகூட இருக்காது. பாட்டு பழுதாக இறங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்துக் கோப்பாகத் திறந்தால் உள்ளே நிலையத்தின் முகவரி இருக்கும். அந்தக் கோப்பையே விஎல்சியிடம் கொடுத்தாலும் பாடும். இசை விட்டுவிட்டு வந்தால், அதே பெட்டியின் கூடுதல் அமைப்புகளில் முன்சேமிப்பை 1000 மில்லிவினாடியிலிருந்து 5000 ஆக்குங்கள்.

எல்லாம் ஓடியும் சத்தம் வராவிட்டால், ஸ்பீக்கர் பின் இளம்பச்சைத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள், இளஞ்சிவப்பு மைக்குக்கானது. லினக்ஸில் ஒலித்தடம் தொடக்கத்திலேயே மௌனமாக வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் திறந்து, தடத்தின் அடியில் ‘எம்எம்’ என்று தெரிந்தால் ‘எம்’ விசையைத் தட்டுங்கள்.

பாட்டுக்கு எங்கே போவது? இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 78 சுழற்சி இசைத்தட்டுகளின் பெருந்தொகுப்பு இருக்கிறது. கோப்புகள் எம்பி3-ஆகவும், எதையும் இழக்காத ஃபிளாக் வடிவிலும் கிடைக்கும். கேட்பதற்கு எம்பி3 போதும், பாதுகாத்து வைக்க ஃபிளாக் எடுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய காலம் தனி. இதைப் பார்த்து இறக்கிக்கொள்வது நல்லது.

எக்ஸ்பியே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. விஎல்சியின் 3-ஆம் பதிப்பு அதில் ஓடுகிறது. ஏற்கெனவே சேமித்த பாட்டுகளுக்கும், பழைய எச்டிடிபி முகவரியில் ஒலிக்கும் வானொலிகளுக்கும் அது போதும். ஆனால் அந்தக் கணினியில் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் ஒருபோதும் திறக்காதீர்கள்.