உறங்கும் வைரசும் கணித மாதிரியும்

கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரிசெல்லா சோஸ்ரர் வைரசு, கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பின்னும் உடலை விட்டுப் போவதில்லை. முண்ணாணை ஒட்டிய நரம்புத் திரட்டுகளின் கலங்களுக்குள் பெருகாமல் அடங்கிக் கிடக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து அது விழித்தால், உடலின் ஒரு பக்கத்தில் நரம்பு செல்லும் வழியே அக்கி எழும்புகிறது.

இந்த விழிப்புக்கு 1965இல் ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர் எட்கார் ஹோப்-சிம்சன் விளக்கம் தந்தார். வைரசை அடக்கும் நோயெதிர்ப்பாற்றல் காலப்போக்கில் தேய்கிறது. கொப்புளிப்பான் கண்டவர்களுடன் பழகும்போது மீண்டும் உயர்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் அக்கி வருகிறது. தேயும் வேகம், உயரும் அளவு, எல்லை ஆகிய மூன்றையும் கணியங்களாக எழுதினால் அதுவே கணித மாதிரி.

ஒரு கலத்துக்குள் உறக்கமும் விழிப்பும் எப்படி நிகழலாம் என்பதை, பற்றீரியாவைத் தாக்கும் லம்டா என்ற வேறொரு வைரசு தெளிவாகக் காட்டுகிறது. 1951இல் எஸ்தர் லெடர்பேர்க் கண்டறிந்த இது, ஈ. கோலை பற்றீரியாவுக்குள் புகுந்ததும் பெருகி அதை உடைக்கும். அல்லது அதன் டி.என்.ஏ.வுடன் இணைந்து உறங்கும். உறக்கத்தைக் காக்கும் சிஐ புரதமும் பெருக்கத்துக்கு வழிவிடும் குரோ புரதமும் ஒன்றின் உற்பத்தியை மற்றது தடுக்கின்றன. ஒவ்வொன்றும் உற்பத்தியாகும் வேகத்திலிருந்து சிதையும் வேகத்தைக் கழித்துச் சமன்பாடு எழுதினால், இரண்டு உறுதியான நிலைகள் கிடைக்கின்றன. மின் ஆளியைப் போல, இடையில் நிலைப்பதில்லை. மூலக்கூறுகள் மிகச் சிலவே என்பதால் தற்செயலுக்கும் இடமுண்டு. ஒரே சூழலிலுள்ள ஒரே மாதிரியான கலங்களும் வெவ்வேறு வழியில் போகலாம் என்பதை ஆர்க்கின், ரோஸ், மக்காடம்ஸ் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு மாதிரி விளக்கியது. ஆகவே வைரசு உறங்குமா பெருகுமா என்பது நிகழ்தகவாகவே கணிக்கப்படுகிறது.

மக்கள்தொகை அளவில் ஹோப்-சிம்சனின் விளக்கத்தில் எழுந்த மாதிரிகள் தடுப்பூசித் திட்டங்களுக்கு உதவுகின்றன. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் கொப்புளிப்பான் குறையும். அதனால் பெரியவர்களின் எதிர்ப்பாற்றல் புதுப்பிக்கப்படாமல் அக்கி சில காலம் கூடலாம் எனச் சில மாதிரிகள் கணித்தன. எவ்வளவு கூடும் என்பது ஊருக்கு ஊர் மாறும். குளிர்நாடுகளில் பெரும்பாலும் சிறுவயதிலேயே வரும் கொப்புளிப்பான், வெப்பநாடுகளில் பெரியவர்களையும் அதிகம் பிடிக்கிறது. இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான கரையோர ஊர்களில் மூத்தம்மாவும் பேரப்பிள்ளைகளும் பழகும் அளவும் கணக்கில் சேரவேண்டும்.

இலங்கைத் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையின் அட்டவணையில் கல்முனைச் சுகாதாரப் பிராந்தியத்தின் கொப்புளிப்பான் எண்ணிக்கை தனி வரியாகப் பதிவாகிறது. அக்கிக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. வைரசின் உறக்கத்தையும் விழிப்பையும் இக்கரையோரத்துக்குக் கணிக்க இரண்டு எண்களும் வேண்டும்.