மீட் என்றால் கறி மட்டுமா?

மொழிபெயர்ப்பாளனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு. வட மாநில அரசியல் தலைவர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலச் செய்தி மேஜைக்கு வந்தது. சர்ச்சை என்றால் அவருக்கு ‘மீட் அண்ட் டிரிங்க்’ என்று எழுதியிருந்தார் நிருபர். நான் யோசிக்கவே இல்லை. ‘சர்ச்சை அவருக்குக் கறியும் மதுவும் போல’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பக்கம் அச்சுக்குப் போகக் கால் மணி நேரம் இருந்தபோது சீனியர் உதவி ஆசிரியர் கூப்பிட்டார். “ஏம்பா, அந்த மனுஷன் வெங்காயம்கூடத் தொடமாட்டார். நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தா நீயா பதில் சொல்லப் போறே?” என்றவர், அவரே பேனாவை எடுத்து ‘அல்வா சாப்பிடுகிற மாதிரி’ என்று திருத்தினார். வேலை தப்பியது.

அந்தத் தொடரில் வரும் ‘மீட்’ இறைச்சி அல்ல, வெறும் சாப்பாடு. சொல்லின் பழைய பொருளே அதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘மெட்டே’ என்றால் உணவு, எந்த உணவும். அதன் உறவுச் சொல்லான ‘மாத்’ ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் சாப்பாட்டைத்தான் குறிக்கிறது. இறைச்சிக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருந்த சொல் ‘ஃபிளெஷ்’. ஜெர்மானியர்கள் இன்றும் ‘ஃபிளைஷ்’ என்றே கறி வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் சுமார் 1300வாக்கில் ‘மீட்’ இறைச்சியின் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. பழைய பொருள் உடனே சாகவில்லை. காய்கறிக்கு ‘பச்சை மீட்’, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கு ‘வெள்ளை மீட்’ என்று நெடுங்காலம் புழங்கினார்கள்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளைப் புரட்டினால் இது புரியும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்கு ‘மீட்’ ஆகக் கொடுப்பவை செடிகளும் மரக் கனிகளும். லேவியராகமத்தில் வரும் ‘மீட்’ காணிக்கையில் மருந்துக்கும் மாமிசம் கிடையாது: மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி, அவ்வளவுதான். பிற்கால வாசகர்கள் குழம்புவார்களே என்று 1885இல் வந்த திருத்திய பதிப்பில் அதை மாவுக் காணிக்கை என்று மாற்றினார்கள். தமிழ் பைபிளில் இந்தச் சிக்கல் இல்லை. ‘போஜனபலி’ என்று இருக்கிறது. எனக்கு முன் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் என்னைவிட நிதானமானவர்கள்.

ஆங்கிலத்தைச் சிரிக்க நமக்கும் தகுதி போதாது. நம் ‘கறி’யை எடுத்துக்கொள்ளுங்கள். யவனர் கப்பல்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து ஏற்றிச் சென்ற ‘கறி’ மிளகு, அகநானூறு சொல்கிறது. இன்று யாழ்ப்பாணத்தில் மரக்கறி என்றால் காய்கறி. மயிலாப்பூர் வீட்டில் உருளைக்கிழங்கு கறி. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘கறி எடுத்தாச்சா?’ என்று கேட்டால் யாரும் உருளைக்கிழங்கை நினைப்பதில்லை. (‘இறைச்சி’ இன்னும் வேடிக்கை. தொல்காப்பியத்தில் அது பாட்டுக்குள் மறைந்து நிற்கும் பொருளைக் குறிக்கும் இலக்கணச் சொல். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாடம் வந்த அன்று கடைசி பெஞ்ச் அடங்கவே இல்லை.)

சொல் ஆராய்ச்சி பொழுதுபோகாதவர்கள் வேலை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். சோயா, பட்டாணியில் செய்து இறைச்சி போல ருசிக்கும் பண்டங்கள் கடைகளில் பெருகியதும் கால்நடை வளர்ப்போர் கொதித்தார்கள். 2018இல் மிசௌரி மாநிலம் சட்டமே போட்டது: கால்நடையிலிருந்தோ கோழியினத்திலிருந்தோ கிடைக்காத ஒன்றை ‘மீட்’ என்று காட்டி விற்றால் குற்றம். வழக்குகள் வந்தன. வாடிக்கையாளர் ஏமாறக் கூடாது என்பது ஒரு நியாயம். சோயாக்காரர்களின் பிழைப்பு லேபிளில் இருக்கிறது என்பது இன்னொரு நியாயம். ஆனால் அந்தச் சொல் ஆதிமுதல் இறைச்சிக்கே சொந்தம் என்று யாராவது வாதாடினால், அதற்கு அகராதி இடம் தராது. தேங்காய்ப் பருப்பையும் முந்திரிப் பருப்பையும் ஆங்கிலேயர்கள் இன்றும் ‘மீட்’ என்கிறார்களே!

பழைய பொருள் நம் நாட்டிலும் பத்திரமாக இருக்கிறது, மிட்டாய்க் கடைப் பலகைகளில். சில ஆண்டுகளுக்கு முன் காசிக்குப் போகும் வழியில் பெரியம்மாவைக் கொல்கத்தாவில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். சந்தேஷ் வாங்கித் தருவதாகத் திட்டம். வாசலில் ‘ஸ்வீட்மீட்ஸ்’ என்ற ஆங்கிலப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தவர் நின்றுவிட்டார். பழைய ஆங்கிலத்தில் ஆரம்பித்து பைபிள் வரை அந்த நடைபாதையிலேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரிடா. எனக்கு டீ மட்டும் போதும்” என்றார்.