பாலூட்டுந் தாயின் உணவும் உடல் நிறையும்

கன்றீன்ற பசுவுக்குத் தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் கூட்டி வைக்க வேண்டுமென்று எந்தக் கமக்காரருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தீனி குறைந்தாற் பசு தன் தசையைக் கரைத்தே பால் தரும். சில கிழமைகளில் விலா எலும்பு தெரியும். ஆயினும் அதே வீட்டிற் பிள்ளை பெற்ற தாய்க்குக் கீரை குளிர்ச்சி, மீன் கிரந்தி, பயறு வாய்வு என ஒவ்வொன்றாக விலக்கி, வெறுஞ்சோறும் மிளகுச் சாறும் மாத்திரம் கொடுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பத்தியக் கறியில் இடும் உள்ளியும் மிளகும் குற்றமுடையனவல்ல. தீங்கெல்லாம் விலக்குதலில் உள்ளது.

தாயொருத்தி நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் பால் சுரக்கின்றாள். இதன்பொருட்டு வழமையான உணவுக்கு மேலாக ஏறத்தாழ 500 கலோரி வேண்டும். எஞ்சிய தேவையைக் கர்ப்பகாலத்தில் உடலிற் சேர்ந்த கொழுப்பு ஈடுசெய்யும். ஆதலின் வயிறார உண்ணுந் தாயும் சிறிது சிறிதாக மெலிதல் இயல்பே. ஒரு கோப்பைச் சோறு, ஒரு பிடி அவித்த பயறு, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் ஆகியவற்றை மேலதிகமாக உண்டால் அந்த 500 கலோரியும் கிடைத்துவிடும். நாற்று நடவும் களைபிடுங்கவும் வயலில் இறங்குந் தாய்க்கு இதுவும் போதாது.

பட்டினி கிடப்பினும் பால் உடனே வற்றிவிடுவதில்லை. இதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். உணவிற் சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால் தாயின் எலும்பிலிருந்து அது பாலுக்குச் செல்லும். விற்றமின் பீ1 குறைந்தாலோ பாலிலும் அது குறையும். நன்றாகத் தீட்டிய பச்சையரிசியையே பெரிதும் நம்பியிருக்குந் தாய் வெளிப்பார்வைக்குச் சுகமாயிருக்க, அவளிடம் பால்குடிக்கும் இரண்டு மூன்று மாதக் குழந்தை பெரிபெரி நோயினால் இருதயம் தளர்ந்து இறக்கவுங் கூடும். நெல்லைப் புழுக்கும்போது இச்சத்துத் தவிட்டிலிருந்து அரிசியினுள்ளே இறங்குகின்றது. ஆகவே சொந்த நெல் உள்ளவர் புழுங்கல் நெல்லை அளவாகத் தீட்டுவித்து, அரிசியைப் பலமுறை கழுவாமலும் கஞ்சியை வடித்து ஊற்றாமலும் சமைப்பாராக. கஞ்சியை மாட்டுக்கு வைப்பதால் மாடு கொழுக்கும், அவ்வளவே.

உடல் மிகப் பருத்த தாயார் நிறையைக் குறைக்க விரும்புவது நியாயமானது. பிள்ளை பிறந்து முதல் இரண்டு மாதம் வரை அதற்கு முயலாதிருத்தல் நன்று. அதன்பின் கிழமைக்கு அரைக் கிலோகிராம் அளவிற் குறைந்தாற் பாலுக்கோ குழந்தையின் வளர்ச்சிக்கோ கேடில்லை. சீனித் தேநீர், எண்ணெயிற் பொரித்த பலகாரம், தேங்காய்ப்பால் மிகுந்த கறி ஆகியவற்றைக் குறைத்து, சோற்றிலும் சிறிது குறைக்கலாம். பயறு, கீரை, மீன், முட்டை இவற்றிற் கைவைக்கலாகாது. மெலிவிக்கும் மருந்துகளை அறவே தவிர்க்க. சோறு உண்டவுடன் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். கீரையிற் சிறிது தேசிக்காய்ப்புளி விட்டால் நன்கு சேரும். முன்னரே மெலிந்திருக்குந் தாய்க்கு நிறை குறைக்கும் எண்ணமே வேண்டாம்.

வேண்டிய உணவிற் பெரும்பகுதி வளவிலேயே உண்டாகும். வேலியில் முருங்கைக் கதியால், கிணற்றுநீர் வழிந்தோடும் இடத்திற் பொன்னாங்காணி, தோட்டத்திற் குரக்கனும் எள்ளும். எள்ளை உமியோடு உண்டாற் சுண்ணாம்புச்சத்து மிகுதியாகக் கிடைக்கும். நல்லெண்ணெயில் அது இல்லை. கிருமிநாசினி தெளித்த பாத்தியிற் குறித்த நாட்கள் கழியுமுன் கீரை கொய்யலாகாது. பாலூட்டுந் தாயைக் கொண்டு மருந்து கலப்பிப்பதும் தெளித்தவரின் உடுப்பைத் தோய்ப்பிப்பதும் ஆகா.

பயறு ஏறக்குறைய 65 நாளிற் பலன் தரும். பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சிய ஈரத்திலேயே அதனை விதைக்கலாம். பிள்ளை பிறக்கும் மாதம் வீட்டாருக்கு முன்னரே தெரியுமாதலின், அதனைக் கணக்கிட்டு ஒரு பரப்பிலேனும் விதைத்து, விளைந்த பயற்றில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்த பின்னரே மிகுதியைச் சந்தைக்கு அனுப்புக.