அறுபது காட்டும், ஆனாலும் திக்கும்

திரையின் மூலையில் எஃப்.பி.எஸ். 60 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் கதவைத் திறந்து புதிய அறைக்குள் நுழைந்ததும் படம் ஒரு கணம் உறையும். அடுத்த கணம் வெடுக்கென்று தாவும். பார்த்துப் பார்த்து கேமிங் பிசி கட்டியவருக்கு இதைவிட எரிச்சலான விஷயம் வேறில்லை. "கிராபிக்ஸ் கார்டை மாத்திடு" என்பதுதான் நண்பர்களிடமிருந்து வரும் முதல் யோசனை. கடன் வாங்கி மாற்றிய பிறகும் அதே கதவருகே அதே திக்கல் வருவதுண்டு. கோளாறு கார்டில் இருந்தால்தானே கார்டை மாற்றித் தீரும்?

முதலில் அந்த 60 என்ற எண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால், சீராக வரும்போது ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி. ஆனால் 59 ஃபிரேம்கள் தலா 13.5 மில்லி விநாடியில் வந்துவிட்டு, மீதமுள்ள ஒன்று மட்டும் 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டாலும் கணக்கு அதே 60தான். கவுண்டருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அந்த ஒற்றை ஃபிரேமில் குறி தவறி ஆட்டமிழந்தவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

2011 செப்டம்பரில் 'தி டெக் ரிப்போர்ட்' என்ற இணைய இதழில் ஸ்காட் வாசன் இதைத்தான் விரிவாக எழுதினார். சராசரி எஃப்.பி.எஸ். போதாது, ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும் என்றார். இன்று கார்டு விமர்சனங்களில் '1% லோ' என்று தனியாக ஒரு எண் போடுகிறார்களே, அது அந்தச் சிந்தனையின் வழி வந்தது. மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் நிலையை அது காட்டுகிறது. சராசரி 110, 1% லோ 35 என்றால் அந்தக் கேம் நிச்சயம் திக்கும்.

இதை வீட்டிலேயே இலவசமாக அளந்துவிடலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் ஃபிரேம் டைமைக் கோடாக வரைந்து காட்டும். கேப்ஃபிரேம்எக்ஸ் பதிவு செய்தே வைக்கும். கோடு தட்டையாக ஓடினால் நல்லது. ஊசி போல் மேலே குத்தி நிற்கும் ஒவ்வொரு முனையும் ஒரு திக்கல். எப்போது குத்துகிறது, எந்த இடத்தில், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று கவனிப்பதில்தான் பாதி வேலை முடிகிறது.

தன் கேமரா வழுவழுவென்று திரும்புகிறது, எதிராளிகள் மட்டும் இடம் விட்டு இடம் குதிக்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் நெட் பிரச்னை. கார்டு எப்போதும் 97, 98 சதவீதம் உழைத்து, எஃப்.பி.எஸ். ஒரே சீராகக் குறைவாக இருந்தால் கார்டின் சக்தி அவ்வளவுதான். செட்டிங்ஸைக் குறைத்தால் சரியாகிவிடும். கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்கும்போதே திக்கினால்தான் வேறு ஏதோ அதைக் காக்க வைக்கிறது. இங்கே டாஸ்க் மேனேஜர் ஏமாற்றிவிடும். 16 திரெட் கொண்ட பிராசசரில் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான்.

புதிய கேம்களின் பெரிய தலைவலி ஷேடர். ஒளி, நிழல், நீரின் மினுமினுப்பு எல்லாவற்றையும் வரையச் சொல்லும் சிறு நிரல்கள் இவை. பிளேஸ்டேஷனில் எல்லோருக்கும் ஒரே சிப் என்பதால் ஷேடர்களைக் கேம் நிறுவனமே தயார்நிலையில் அனுப்பிவிடும். பிசியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர். அவரவர் மெஷினில்தான் கம்பைல் ஆக வேண்டும். 2015இல் டைரக்ட்எக்ஸ் 12, மறு ஆண்டு வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகங்கள் வந்தபின், இதை முன்கூட்டியே செய்து முடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கேம் தயாரிப்பாளர் தலையில் விழுந்தது. செய்யாமல் விட்டால், ஒரு வெடிப்பு முதன்முதலாகத் திரையில் தோன்றும் அந்தக் கணத்தில் கம்பைல் நடக்கும், படம் நிற்கும். 2022 டிசம்பரில் 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' வந்த அன்று பிசி ஆட்டக்காரர்கள் கொதித்தது இதனால்தான்.

முதல்முறை திக்கி, அதே இடத்தில் இரண்டாம் முறை திக்காவிட்டால் ஷேடர் மீது சந்தேகப்படலாம். கேம் தொடங்கும்போது ஷேடர் கம்பைல் ஆகிறது என்று சொன்னால் அதை முடிய விட வேண்டும். டிரைவரைப் புதுப்பித்ததும் பழைய சேமிப்பு செல்லாமல் போகலாம் என்பதால் ஓரிரு நாள் மறுபடி திக்குவதும் இயல்பே.

ஆனால் எல்லாப் பழியையும் ஷேடர் மேல் போடவும் முடியாது. 2022 பிப்ரவரி 25 அன்று 'எல்டன் ரிங்' வந்தது. விலையுயர்ந்த கார்டுகளிலும் திக்கியது. ஷேடர்தான் காரணம் என்று பலரும் பேசினார்கள். அதே வாரம் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வெளியானது. கையடக்கமான, சக்தி குறைந்த கருவி. விரைவிலேயே அதில் எல்டன் ரிங் விண்டோஸ் பிசிக்களைவிடச் சீராக ஓடத் தொடங்கியது. பெரிய திக்கல்களுக்கு முக்கியக் காரணம் ஷேடர் அல்ல என்று வால்வின் பொறியாளர் பியர்-லூப் கிரிஃபே விளக்கினார். சில இடங்களில் கேம் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே மூச்சில் உருவாக்கியதால் நினைவக நிர்வாகம் திணறியிருக்கிறது. வால்வ் தன் மென்பொருளில் அந்த ஒதுக்கீடுகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும்படி செய்தது. திணறல் பெருமளவு குறைந்தது.

இன்னொரு கதை பயாஸுக்குள் ஒளிந்திருந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாக்கியது. ஏஎம்டி ரைசன் வைத்திருந்த பலர் அதற்காகப் பயாஸில் எஃப்.டி.பி.எம். என்ற அதன் வடிவத்தை ஆன் செய்தார்கள். அதன்பின் சிலருடைய மெஷின் எப்போதாவது திடீரென உறையும், சத்தமும் கரகரக்கும், சற்று நேரத்தில் சரியாகிவிடும். கேமை நீக்கி, விண்டோஸையே மறுபடி ஏற்றியும் போகவில்லை. 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது: மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்போடு எஃப்.டி.பி.எம். நடத்தும் நீண்ட பரிமாற்றமே காரணம். தீர்வு புதிய பயாஸ். ஒரு ரூபாய் செலவில்லாத வேலைதான், ஆனால் பயாஸைத் தொடும்முன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரை (ஆன் செய்திருந்தால்) நிறுத்தி வைக்காவிட்டால் விண்டோஸ் ரெகவரி கீ கேட்டு நிற்கும்.

வீட்டளவில் பார்க்க வேண்டியவை எளியவை. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60இலேயே நிற்கிறதா? ரேம் ஒற்றைக் குச்சியா, ஜோடியா? 6000 என்று வாங்கிய டி.டி.ஆர்.5 ரேம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ ஆன் செய்யாவிட்டால் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்தால் மெமரி நிரம்பி, மிச்சம் மெதுவான ரேமுக்கு வழியும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினாலே போதும். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அதன்பின் தடுமாறினால் சூடுதான். மே மாதத்து அறையில் லேப்டாப்பின் பிராசசர் 95 டிகிரியைத் தாண்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதை ஆஃப்டர்பர்னரிலேயே பார்க்கலாம். விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதிலிருந்து தொடங்கலாம். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஒரே இரவில் பத்து செட்டிங்கைப் புரட்டியவருக்கு எது மருந்து, எது விஷம் என்று தெரியாது.

எஃப்.பி.எஸ்.ஸுக்கு வரம்பு கட்டுவதும் பலன் தரும். 60க்கும் 100க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 60இல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு இதம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் சிறு ஏற்ற இறக்கத்தை மறைக்கும். 200 மில்லி விநாடிக் குத்தலை எந்த மானிட்டராலும் மறைக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு கேம் மட்டும் திக்கினால் கோளாறு கேமில்தான். அதற்குப் பேட்ச் வரும்வரை காத்திருக்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேம் திறந்த நிலையில் ஷேடர் கம்பைல் ஆகும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.