நான் பிடிச்ச முயலுக்கு நாலு கால்

தான் பிடிச்ச முயலுக்கு மூன்று கால் என்று அடம்பிடிக்கிறவரைப் பற்றி வீட்டில சொல்லிக் கேட்டிருப்பீங்கள். துள்ளித் திரியிற முயலை ஃபோனில எடுத்துப் பாருங்கோ, அது உண்மையாவே நடக்கும்: ஒரு கால் காற்றோட கரைஞ்சு போயிருக்கும். போன எபிசோட்டில கமரா ஏஐ பற்றிக் கதைச்சதன் தொடர்ச்சிதான் இது.

முதல் சிக்கல் நேரம். முயல் விடியக்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் கூடுதலா ஓடும். டொரொண்டோவில டிசம்பர் என்றால் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டு. வெளிச்சம் குறைந்தால் ஃபோன் ஷட்டரைக் கூடிய நேரம் திறந்து வைக்கும். நைட் மோட் இன்னும் மோசம்.

இரண்டாவது, மென்பொருள். ஆப்பிளின் விஷன் ஃப்ரேம்வொர்க் 2019இல் விலங்குகளை அடையாளம் காணத் தொடங்கியபோது அதுக்குத் தெரிந்தது பூனையும் நாயும் மட்டும்தான். ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கோகோ தரவுத்தொகுப்பின் 80 வகைகளில் 10 விலங்குகள் இருக்கு. வரிக்குதிரை இருக்கு, ஒட்டகச்சிவிங்கி இருக்கு, முயல் இல்லை. சொந்தப் பேரை வொய்ஸ் அசிஸ்டன்ட் கொலை செய்யிறதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதுக்கதை இல்லைத்தானே.

அப்போ என்ன செய்யலாம்?

• வார இறுதிக் காலையில யன்னல் பக்கம் இடம் பிடியுங்கோ. இரவில என்றால் விளக்கை வெள்ளைச் சுவரில திருப்பி விடுங்கோ. வயரை மட்டும் மறைச்சு வையுங்கோ, கடிச்சுப்போடும்.
• ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் 1/500. பிங்கி என்கிற சந்தோஷத் துள்ளலுக்கு 1/1000. ஐஎஸ்ஓ கூடிப் படம் கொஞ்சம் பொரிஞ்சாலும் பரவாயில்லை.
• முயலைத் துரத்தாமல், அது வரப்போற இடத்தில ஃபோகஸை லொக் பண்ணி பர்ஸ்டில எடுங்கோ.
• தரையில படுங்கோ. முயல் இரையாகும் பிராணி. மேலிருந்து வாற கை அதுக்குப் பருந்து மாதிரி. ஃபிளாஷ் வேண்டாம். பின்னங்காலால தரையில அடிச்சால் பயந்திட்டுது என்று அர்த்தம், அன்றைக்கு நிப்பாட்டுங்கோ.

இதெல்லாம் இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் இல்லை. முயல் வருத்தத்தை மறைக்கும், சத்தம் போடாது. எங்கட பஞ்சு ஒரு நாள் காய்ஞ்ச புல்லைத் தொடாமல் மூலையில குந்தியிருந்துது. இரண்டு நாளைக்கு முதல் எடுத்த துள்ளல் வீடியோவையும் அன்றைய வீடியோவையும் மிருக வைத்தியருக்குப் பக்கத்தில பக்கத்தில காட்டினேன். "சோர்வா இருக்கு" என்று நான் சொன்னதைவிட அது தெளிவாச் சொன்னது. குடல் இயக்கம் மந்தமாகியிருந்தது. முயல் அரை நாள் சாப்பிடாவிட்டாலே ஆபத்து. பஞ்சு தப்பினது, நேரத்துக்குப் போனதால.

அதனால வாரம் ஒருக்கா, முயல் நல்லா இருக்கேக்குள்ள, ஒரு நிமிஷம் ஓடுறதையும் சாப்பிடுறதையும் எடுத்து வையுங்கோ. வழமை எது என்று தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில படும்.